பார்பரா ஸ்ட்ரோஸ்ஸி: எட்டுப் புத்தகம் போட்டும் மறக்கப்பட்டவர்

பரோக் இசை என்றதும் பாக், விவால்டி, ஹாண்டல் என்று சில பெயர்கள் வந்து நிற்கும். எல்லோரும் ஆண்கள்! 1600 முதல் 1750 வரையிலான அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் பெண்கள் யாருமே இசையமைக்கவில்லையா? இசையமைத்தார்கள், அச்சிட்டு வெளியிடவும் செய்தார்கள். அவர்களில் ஒருவர் வெனிஸ் நகரத்து பார்பரா ஸ்ட்ரோஸ்ஸி.

பிறந்தது 1619-ல். தாய், கவிஞர் ஜூலியோ ஸ்ட்ரோஸ்ஸியின் வீட்டில் வேலை பார்த்தவர். பார்பராவை வளர்ப்பு மகள் என்றே ஜூலியோ குறிப்பிட்டார். சொந்த மகளாகத்தான் இருக்கவேண்டும் என்பது ஆய்வாளர்களின் கருத்து. எப்படியோ, படிப்பில் குறை வைக்கவில்லை. புகழ்பெற்ற ஓபரா இசையமைப்பாளர் கவல்லியிடம் பாடம். 1637-ல் ஜூலியோ ஒரு சபையைத் தொடங்கி அதில் மகளைப் பாட வைத்தார். ஊர் வாய் சும்மா இருக்குமா? ஆண்கள் கூடும் சபையில் பாடுகிற பெண்ணின் ஒழுக்கத்தைக் கிண்டல் செய்து கைப்பிரதிகள் சுற்றின.

அவரோ எழுதிக்கொண்டே இருந்தார். 1644-லிருந்து 1664-க்குள் எட்டுத் தொகுப்புகள் (நான்காவது கிடைக்கவில்லை). 1652-ல் ஜூலியோ இறந்தார். தொகுப்புகளில் பெரும்பாலானவை அதற்குப் பிறகு வந்தவைதான். திருமணம் இல்லை, நான்கு பிள்ளைகள். தேவாலயத்தில் இசைத் தலைமைப் பதவி ஒரு பெண்ணுக்குக் கிடைக்காது. புத்தகத்தைப் பிரபுக்களுக்குச் சமர்ப்பித்தால் பரிசு வரலாம். முதல் தொகுப்பு டஸ்கனியின் கிராண்ட் டச்சஸ் விட்டோரியாவுக்குச் சமர்ப்பணம். ஆனாலும் நிரந்தரப் புரவலர் அமையவில்லை. 1677-ல் பதுவாவில் காலமானார்.

அச்சில் இத்தனை இருந்தும் ஏன் மறந்தார்கள்? அவர் எழுதியவை பெரும்பாலும் ஒரு குரலுக்கும் ஓரிரு பக்கவாத்தியத்துக்குமான கான்டாட்டாக்கள். ஓர் அறைக்குள் பாடுபவை. இசை வரலாறோ ஓபராவையும் தேவாலயத்தையும் சுற்றியே எழுதப்பட்டது. நினைவு வைத்திருந்தவர்களும் அவர் கணிகையா இல்லையா என்பதில்தான் அதிக அக்கறை காட்டினார்கள்! எந்த ஆண் இசையமைப்பாளரிடம் இப்படி ஆரம்பித்தார்கள்?

1978-ல் எல்லன் ரோசண்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர் எழுதிய கட்டுரைதான் இசையமைப்பாளர் பார்பராவை முன்னால் கொண்டுவந்தது. பிறகு 1990-களில் வெனிஸ் ஆவணங்களைத் துருவியபோது இன்னொரு முகமும் தெரிந்தது. தன் பிள்ளைகளின் தந்தையான விட்மன் என்ற செல்வந்தருக்கே அவர் கடன் கொடுத்திருக்கிறார்! வரவு செலவு தெரிந்த பெண்மணி.

கேட்க விரும்புபவர்கள் 1659-ல் வந்த ஏழாவது தொகுப்பிலுள்ள 'லாக்ரிமே மியே'யில் தொடங்கலாம். 'என் கண்ணீரே' என்று பொருள். அந்த முதல் சொற்களிலேயே குரல் விக்கி விக்கிக் கீழே இறங்கும்.