850 என்று அடித்தால் 850 ஆகுமா? செட் பாயின்ட்டின் கதை

சில வருஷங்களுக்கு முன்னால் நான் செய்த ஒரு தப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன். இரும்பு உதிரிபாகங்களைச் சூடாக்கிப் பதப்படுத்தும் ஒரு சின்னப் பட்டறை. அங்கே எல்.பி.ஜி. பர்னர் வைத்த ஃபர்னஸ் ஒன்றுக்குப் புது கன்ட்ரோலர் மாட்டினேன். மெனுவில் செட் பாயின்ட் 850 டிகிரி என்று அடித்து, வால்வைத் தானியங்கியில் விட்டேன். எண் ஒழுங்காக ஏறிக்கொண்டிருந்தது. 700-ஐத் தொட்டபோது, அங்கே பல வருஷமாக அடுப்பு பார்க்கும் பெரியவர் பார்வைத் துளை வழியாக எட்டிப் பார்த்தார். "சார், இது எழுநூறு இல்ல. நெறமே தப்பா இருக்கு. மொதல்ல கேஸை மூடுங்க" என்றார்.

மூடினோம். யார் சொன்னது சரி என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அன்றைக்கு ராத்திரி எனக்குள் ஒரு கேள்வி உட்கார்ந்துகொண்டது. நெருப்பிடம் ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு நாம் நகர்ந்துபோகலாம் என்ற நம்பிக்கை மனிதனுக்கு எப்போது வந்தது?

தேடிப் போனால் அது 400 வருஷத்துக்கு முன்னால் போகிறது. கொர்னேலிஸ் டிரெபெல் என்ற டச்சுக்காரர், இங்கிலாந்தில் முதலாம் ஜேம்ஸ் மன்னரின் காலத்தில் வேலை செய்தவர். தேம்ஸ் நதியில் நீர்மூழ்கிப் படகு ஓட்டியவர் என்றுதான் பலருக்கும் அவரைத் தெரியும். அவர் செய்த இன்னொரு விஷயம், கோழிமுட்டை பொரிக்க ஒரு அடுப்பு. பெட்டியைச் சுற்றி இரட்டைச் சுவர், சுவருக்கு நடுவே தண்ணீர். அந்தத் தண்ணீருக்குள் சாராயமும் பாதரசமும் அடைத்த கண்ணாடிக் குழாய். சூடு ஏறினால் சாராயம் விரியும், பாதரசத்தைத் தள்ளும், அதன் மேல் மிதக்கும் கம்பி உயரும். அந்தக் கம்பி புகைபோக்கியின் மூடியை இறக்கிவிடும். காற்றோட்டம் குறையும், நெருப்பு அடங்கும். சூடு தணிந்தால் எல்லாம் தலைகீழ்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது அந்தக் கம்பியின் நீளம். அதைக் கூட்டினால் குறைத்தால், அடுப்பு நிலைக்கும் சூடு மாறும். அதாவது இன்று நாம் மெனுவில் அடிக்கும் செட் பாயின்ட், அன்று ஒரு கம்பியின் நீளமாக இருந்தது. உணரும் கருவி, வேண்டிய அளவு, நெருப்பைத் திருத்தும் மூடி ஆகிய மூன்றும் அந்தப் பெட்டியிலேயே இருக்கின்றன. இல்லாதது ஒன்றுதான்: எண். டிரெபெல் 1633-இல் இறந்தபோது, எல்லோரும் ஒப்புக்கொண்ட வெப்ப அளவுகோல் எதுவும் கிடையாது.

எண் வந்தபோது அதுவும் எளிதாக வரவில்லை. 1782-இல் ஜோசையா வெட்ஜ்வுட், இங்கிலாந்தின் பெரிய பீங்கான் உற்பத்தியாளர், சூளைக்குள் இருக்கும் சூட்டை அளக்க ஒரு வழி சொன்னார். சின்னக் களிமண் துண்டுகளைச் சூளைக்குள் போடுவது. சூட்டில் அவை சுருங்கும். எடுத்து, போகப்போகக் குறுகும் பித்தளைப் பள்ளத்தில் நகர்த்தினால், எவ்வளவு தூரம் போகிறதோ அதுதான் சூடு. தன் சூளைகளை ஒன்றோடொன்று ஒப்பிட அவருக்கு அது போதும். ஆனால் அதை ஃபாரன்ஹீட்டாக மாற்றினபோது கணக்கு எங்கேயோ போய்விட்டது. வார்ப்பிரும்பு உருக சுமார் 18,000 டிகிரி ஃபாரன்ஹீட் வேண்டும் என்று வந்தது. உண்மையில் அது சுமார் 2,100-தான். கருவி சொன்னதைத் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி சொன்னது. சொன்ன எண்தான் தப்பு. இந்த வித்தியாசத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1821-இல் ஸீபெக், இரண்டு வேறு உலோகங்களை இணைத்து ஒரு முனையைச் சூடாக்கினால் ஒரு மின் விளைவு வருகிறது என்று கண்டார். 1880-களில் லு ஷாட்டெலியே பிளாட்டினம், பிளாட்டினம்–ரோடியம் கம்பிகளை வைத்து அதை நம்பகமான அளவுகருவி ஆக்கினார். நாம் இன்று ஃபர்னஸில் செருகும் தெர்மோகப்பிள் அந்த வழியில் வந்ததுதான்.

அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் வாரன் ஜான்சன் என்ற ஆசிரியர். அவர் பள்ளியில் ஊழியர் ஒருவர் ஒவ்வொரு வகுப்பறைக்கும் போய் சூடு பார்த்துவிட்டு, கீழே இறங்கி அடுப்பின் மூடிகளைத் திருத்த வேண்டியிருந்தது. ஜான்சன் 1883-இல் மின்சாரத் தெர்மோஸ்டாட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். முதலில் அது கீழே மணியடித்துச் சொல்வதோடு சரி, மூடியைத் திருப்பியது மனிதக் கைதான். பிறகு அந்தக் கையும் போய், காற்றழுத்தத்தில் இயங்கும் வால்வு வந்தது.

அறையைச் சூடாக்க இந்தத் திற–மூடு முறை போதும். தொழிற்சாலை ஃபர்னஸுக்குப் போதாது. முழுசாகத் திறந்தால் சூடு எல்லை தாண்டும், முழுசாக மூடினால் கீழே விழும். அதனால் வால்வைப் பிழைக்கு ஏற்ற அளவில் திறக்கும் முறை வந்தது. அதிலும் ஒரு வில்லங்கம். 850-இல் பிழை பூஜ்ஜியம், அப்போது வால்வு 50 சதவீதம் திறந்திருக்கும்படி வைத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அன்றைக்குச் சரக்கு அதிகம், 60 சதவீதம் வேண்டும். அந்தக் கூடுதல் 10 சதவீதம் வர வேண்டுமென்றால் கொஞ்சம் பிழை இருந்தே ஆக வேண்டும். சூடு 840-இல் போய் நின்றுவிடும், மேலே வராது. அந்தக் காலத்து ஆபரேட்டர் ஒரு திருகைத் திருப்பி இதைச் சரிசெய்வார். அதற்கு 'ரீசெட்' என்று பேர். 1931-இல் ஃபாக்ஸ்பரோ நிறுவனம் விற்ற ஸ்டேபிலாக் கருவி அந்தத் திருகைத் தானே திருப்பியது. பிழை எவ்வளவு நேரம் நீடிக்கிறதோ அவ்வளவுக்கு வால்வை மெல்ல நகர்த்தியது. பி.ஐ.டி.யில் நடுவில் இருக்கும் 'ஐ' அந்த ஆபரேட்டரின் கைதான். 1942-இல் ஸீக்லர், நிக்கல்ஸ் இருவரும் இந்த எண்களை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று ஒரு முறையை எழுதினார்கள். இன்றும் பாடப்புத்தகத்தில் அது இருக்கிறது.

சரி, கன்ட்ரோலர் "60 சதவீதம் திற" என்கிறது. வால்வு கேட்குமா? பட்டர்ஃபிளை வால்வைப் பாதி திறந்தால் பாதி ஓட்டம் வரும் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். குழாய்க்குப் பெரிய வால்வைப் போட்டுவிட்டால், முதல் சில பாகை திறப்பிலேயே பெரும்பகுதி ஓட்டம் வந்துவிடும். மிச்சத் திறப்பெல்லாம் சும்மா. இன்னொன்று, திருத்த வேண்டியது கேஸை மட்டுமல்ல. ஒரு கனமீட்டர் மீத்தேன் எரிய சுமார் 9.5 கனமீட்டர் காற்று வேண்டும். எல்.பி.ஜி.க்கு அதைவிட இரண்டு மடங்குக்கு மேல். அதனால் சூடு கூட்டும்போது காற்று முன்னால் போக வேண்டும், கேஸ் பின்னால். குறைக்கும்போது கேஸ் முன்னால் குறைய வேண்டும், காற்று பின்னால். வரிசை மாறினால் எரியாத கேஸ் உள்ளே தங்கும்.

தங்கினால் என்ன ஆகும் என்பதுதான் இந்தத் துறையின் விதிகளை எழுத வைத்தது. பற்றவைக்கும் முன் விசிறியை ஓட்டி உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். அமெரிக்காவின் என்.எஃப்.பி.ஏ. 86 விதி, அறையின் கொள்ளளவைப்போல 4 மடங்கு காற்று போக வேண்டும் என்கிறது. தீ அணைந்தால் 4 விநாடிக்குள் அது தெரிய வேண்டும். சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவி தனி. எல்லை மீறினால் கேஸை வெட்டும் கருவி தனி, அதற்குச் சொந்தமாக வேறு சென்ஸார். ஒன்று பொய் சொன்னாலும் மற்றது காப்பாற்றும் என்ற கணக்கு.

இப்போது என் கதைக்கு வருகிறேன். பெரியவர் சொன்னதுதான் சரி. ஃபர்னஸில் இருந்தது கே டைப் தெர்மோகப்பிள். புது கன்ட்ரோலர் பெட்டியிலிருந்து வரும்போதே ஜே டைப்புக்கு அமைக்கப்பட்டிருந்தது, நான் மாற்றவில்லை. சுமார் 39 மில்லிவோல்ட் வந்தால் ஜே அட்டவணையில் அது 700 டிகிரி. கே அட்டவணையில் ஏறக்குறைய 945. அடர்சிவப்பாக இருக்க வேண்டிய சுவர் ஆரஞ்சாக இருந்ததை அவர் கண் பார்த்துவிட்டது. திரையில் 850 வரும்வரை விட்டிருந்தால் உள்ளே 1,200 பக்கம் போயிருக்கும்.

எல்லைக் கருவி ஏன் காப்பாற்றவில்லை? அதற்கும் தனி சென்ஸார் இருந்தது. 950-இல் வெட்டும்படி வைத்திருந்தேன். ஆனால் அதையும் அதே நாளில் வாங்கி, அதே அவசரத்தில், அதே ஜே டைப்பிலேயே மாட்டியவன் நான்தான். கருவி இரண்டு, ஆனால் தப்பு ஒன்றே. காலையில் சோதித்துப் பார்த்தபோது இரண்டும் அறையின் சூட்டைச் சரியாகக் காட்டின. குளிர்ந்த நிலையில் எந்த டைப் வைத்தாலும் அது சரியாகத்தான் காட்டும். சூடு ஏற ஏறத்தான் இரண்டு அட்டவணையும் பிரிந்து போகும்.

இப்போது நான் மூன்று விஷயம் தவறாமல் செய்கிறேன். குளிர்ந்த நிலைச் சோதனையை நம்பாமல், மில்லிவோல்ட் கொடுத்து மேல் சூட்டில் சரிபார்க்கிறேன். தெர்மோகப்பிள் கம்பியைக் கழற்றி, அப்போது வால்வு மூடுகிறதா என்று பார்க்கிறேன். திறந்தால் அந்த அமைப்பு தப்பு. எல்லைக் கருவியை வேறொருவரைக் கொண்டு அமைக்கச் சொல்கிறேன்.

அப்புறம், பார்வைத் துளையின் கண்ணாடியைத் துடைத்து வைக்கிறேன். அன்றைக்கு அந்தப் பெரியவரிடம், "அண்ணே, எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டேன். "எழுநூறுக்கு ஒரு நெறம் இருக்கு சார். நீங்க எண்ணைப் பாத்தீங்க, நான் அதைப் பாத்தேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.