நாச்சியார்கள் தொடுத்த வழக்கு

சிவில் வழக்கு நடத்தும் வக்கீல் ஒருவரின் வீட்டுத் திண்ணையில் மாலை வேளையில் சிறிது நேரம் அமர்ந்திருந்தால், மஞ்சள் பையில் பத்திர நகல்களையும் பட்டாவையும் சுருட்டி எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் நாலைந்துக்குள் அடங்கிவிடுவதைக் காணலாம். தகப்பனார் தம் கைச்சம்பாத்தியத்தில் வாங்கிய நிலம், அவருக்கு ஆண் பிள்ளை இல்லாத காரணத்தால், பெண்ணுக்கு வருமா, பங்காளிகளுக்குப் போகுமா? கணவனை இழந்தவள் சொத்தை ஆளலாம் என்றால் விற்கவும் அவளுக்கு அதிகாரம் உண்டா? அவள் சுவீகாரம் எடுத்த பிள்ளையைத் தாயாதிகள் ஒப்புக்கொள்ள மறுத்தால் என்ன செய்வது? உயிலை ரிஜிஸ்தர் செய்தே தீரவேண்டுமா? கடைசிக் கேள்விக்கு வக்கீல் நிமிராமலே விடை சொல்லிவிடுவார்: ரிஜிஸ்தர் கட்டாயமில்லை, இரண்டு சாட்சிகள் கையொப்பமிட்டிருக்க வேண்டும் என்று. ஆனால் முதல் மூன்று கேள்விகளுக்கும் பின்னால் ஒரு நீண்ட சரித்திரம் உண்டு. அந்தச் சரித்திரத்தின் முக்கியமான இரண்டு அத்தியாயங்கள் கல்கத்தாவிலோ பம்பாயிலோ நிகழாமல், மறவர் சீமையில், சிவகங்கை அரண்மனையிலும் இராமநாதபுரம் அரண்மனையிலும் நிகழ்ந்தன என்பதை நம்மவர் அதிகமாக நினைவில் வைத்திருக்கவில்லை. அந்தக் குறையைச் சிறிதேனும் போக்க வேண்டும் என்ற ஆசையே இக்கட்டுரைக்குக் காரணம்.

சாஸ்திரங்களில் இக்கேள்விகளுக்கு விடை இல்லையா என்றால், ஓரளவு இருந்தது. கல்யாணி நகரில் சாளுக்கிய மன்னன் ஆறாம் விக்கிரமாதித்தனின் காலத்தில் வாழ்ந்த விஞ்ஞானேசுவரர் யாக்ஞவல்கிய ஸ்மிருதிக்கு எழுதிய மிதாக்ஷரம் என்னும் உரை, வங்காளம் நீங்கலாகப் பாரத தேசத்தின் பெரும்பகுதியில் தாய விபாகத்துக்குப் பிரமாணமாக மதிக்கப்பட்டது. தென்னாட்டில் அதனோடு தேவண்ண பட்டரின் ஸ்மிருதி சந்திரிகையும், விஜயநகர காலத்து மாதவரின் பராசர மாதவீயமும் சேர்த்து நோக்கப்பட்டன. மகன் பிறந்த கணமே பிதிரார்ஜிதச் சொத்தில் உரிமை பெறுகிறான்; பிரிவினையாகாத குடும்பத்தில் ஒருவர் மகனின்றி இறந்தால் அவருடைய பாகம் மனைவிக்குச் செல்லாமல் உயிரோடிருக்கும் பங்காளிகளையே சேரும்; பாகம் பிரிந்து தனித்து வாழ்ந்தவர் அவ்வாறு இறந்தாலோ மனைவி, அவளுக்குப் பின் மகள், அவளுக்குப் பின் மகள் வயிற்றுப் பேரன் என்று வாரிசுரிமை இறங்கும். இவற்றுள் பின்னிரண்டு விதிகளும் தத்தம் இடத்தில் தெளிவானவைதாம். ஆனால் இரண்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி இருந்தது. அண்ணன் தம்பி பாகம் பிரியவில்லை. எனினும் சொத்து தம்பி ஒருவனே தன் முயற்சியால் தேடியது. அவன் மகனின்றி மாண்டான். இப்போது அந்தச் சொத்து கூட்டுக் குடும்பத்தோடு போகுமா, விதவையோடு போகுமா? இந்த இடைவெளியில்தான் சிவகங்கை ஜமீன் முப்பத்து நான்கு ஆண்டுகள் சிக்கிக் கிடந்தது.

சிவகங்கைச் சீமை, பதினெட்டாம் நூற்றாண்டில் சேதுபதிகளின் இராமநாதபுரத்திலிருந்து பிரிந்து, சசிவர்ணத் தேவரின் கீழ்த் தனி அரசாக எழுந்தது. வேலு நாச்சியார் ஆண்ட பூமி அது. பெண் ஒருத்தி சிம்மாசனத்தில் அமர்வதை அங்கே யாரும் விசித்திரமாகக் கருதியதில்லை. 1801-ஆம் வருஷம் அக்டோபர் 24-ஆம் தேதி திருப்பத்தூரில் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட கும்பினியார், படமாத்தூர் கௌரி வல்லபத் தேவரை ஜமீன்தாராக அங்கீகரித்து, 1803-இல் சாசுவத சனதும் வழங்கினார்கள். பழைய பரம்பரை அறுபட்டு, சர்க்கார் புதிதாகக் கொடுத்த சொத்து அது. அந்தச் சனது கௌரி வல்லபருக்கு அளிக்கப்பட்டதேயன்றி, அவருடைய தமையனாருக்கும் சேர்த்து அளிக்கப்பட்டதன்று. இந்த ஒரு நுணுக்கத்தின் மீதுதான் பின்னால் எழுந்த வழக்கு முழுவதும் நின்றது.

1829-இல் கௌரி வல்லபர் ஆண் சந்ததியின்றிக் காலமானார். தமையனார் அதற்கு முன்பே இறந்துவிட்டார். தமையனாரின் மகன் முத்துவடுகத் தேவர் ஜமீனைக் கைவசப்படுத்திக்கொண்டார். குடும்பம் பிரியவில்லை, ஆகவே பங்காளியான எனக்கே பாத்தியம் என்பது அவர் வாதம். குடும்பம் பிரிந்ததோ இல்லையோ, ஜமீன் என் கணவரின் சுயார்ஜிதம், ஆகவே எனக்கே பாத்தியம் என்று கோர்ட்டுக்கு வந்தவர் கௌரி வல்லபரின் விதவைகளுள் ஒருவரான அங்கமுத்து நாச்சியார். அரண்மனையும் வரி வசூலும் ஆள் அம்பும் எதிராளியின் கையில் இருக்க, ஒரு விதவை கோர்ட்டுக் கோர்ட்டாக இருபது வருஷம் போராடுவதென்பது எத்தகைய காரியம் என்பதை, ஒரே ஒரு பாகப்பிரிவினை வழக்கையேனும் தம் வீட்டில் கண்டவர்கள் அறிவார்கள். ஜில்லா கோர்ட்டில் அவருக்கு ஜயம் கிட்டவில்லை. சென்னையிலிருந்த அப்பீல் கோர்ட்டான சதர் அதாலத்தில் அப்பீல் நிலுவையில் இருக்கும்போதே, 1850-இல், அங்கமுத்து நாச்சியார் கண்ணை மூடினார்.

அவர் விட்ட இடத்தில் காத்தம நாச்சியார் எடுத்தார். கௌரி வல்லபரின் மகள் அவர். அங்கமுத்துவோடு வழக்கு முடிந்துவிட்டது, தோற்ற வழக்கை மகள் புதிதாக எழுப்ப முடியாது என்று எதிர்த்தரப்பு தடுத்தது. சென்னையில் அந்தத் தடை எடுபடவும் செய்தது. காத்தம நாச்சியார் இலண்டனுக்கு அப்பீல் செய்தார். 1863-இல் பிரிவி கவுன்சில் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வழங்கியது.

அந்தத் தீர்ப்பின் தர்க்கத்தைச் சற்று நின்று பார்ப்பது தகும். பங்காளி ஒருவனுக்குச் சொத்து இறங்குவதன் காரணம், அவன் முன்பே அந்தச் சொத்தில் கூட்டுரிமை உடையவனாயிருந்ததுதான். இறந்தவனின் பாகம் நீங்க, இருந்தவனின் பாகம் விரிகிறது, அவ்வளவே. ஆனால் சுயார்ஜிதத்தில் பங்காளிக்கு எந்தக் காலத்திலும் கூட்டுரிமை இருந்ததில்லையே. இல்லாத உரிமை எப்படி விரியும்? இனிப் பிண்டம் கொடுத்துப் பரலோகத்தில் நன்மை செய்யும் தகுதியைக் கொண்டு வாரிசைத் தீர்மானிப்பதானாலும், அண்ணன் மகனைவிட மனைவிக்கே அந்தத் தகுதி அதிகம். எந்த வழியில் நோக்கினும் சுயார்ஜிதம் விதவைக்கும் மகளுக்குமே உரியது. குடும்பம் மற்றச் சொத்துக்களில் பிரியாமலிருப்பது இதற்குத் தடையாகாது. அதோடு, விதவை வழக்காடும்போது அவள் தனக்காக மட்டும் வாதாடவில்லை, அந்தச் சொத்து முழுமைக்கும் பிரதிநிதியாக நிற்கிறாள். ஆகவே அவளுக்கு அடுத்த வாரிசான மகள், அவள் விட்டுச் சென்ற அப்பீலையே தொடர்ந்து நடத்தலாம் என்றும் நீதிபதிகள் கூறினார்கள். இந்த இரண்டாவது விஷயத்தை நான் முதலாவதைக் காட்டிலும் பெரிதாக மதிக்கிறேன். ஒரு பெண்ணின் போராட்டம் அவளுடைய சிதையோடு எரிந்துபோகாது என்று சட்டம் ஒப்புக்கொண்ட இடம் அது.

ஐந்தாண்டு கழித்து, 1868-இல், பக்கத்துச் சீமையாகிய இராமநாதபுரத்தின் வழக்கும் அதே பிரிவி கவுன்சிலில் முடிவு பெற்றது. அங்கே எதிராளி பங்காளியல்ல, மதுரைக் கலெக்டர், அதாவது சர்க்கார். இராமஸ்வாமி சேதுபதி 1830-இல் மகனின்றி இறந்தார். அவருடைய விதவை ராணி பர்வதவர்த்தினி நாச்சியார், 1847-இல் முத்துராமலிங்கம் என்னும் பாலனைச் சுவீகாரம் எடுத்தார். கணவர் உயிரோடிருக்கையில் அனுமதி கொடுத்ததற்கு உறுதியான சாட்சியமில்லை; ஆகவே சுவீகாரம் செல்லாது, ராணிக்குப் பின் ஜமீன் சர்க்காரையே சேரும் என்று அதிகாரிகள் சொன்னார்கள். ஒரு ஸ்திரீ கணவனின் அனுமதியின்றி மகனை ஏற்கலாகாது என்னும் வசிஷ்டரின் விதியை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு தேசத்தார் ஒவ்வொரு பொருள் செய்திருந்தனர். மிதிலையில் விதவைக்குச் சுவீகார அதிகாரமே இல்லை; வங்காளத்தில் கணவன் உயிரோடிருக்கும்போதே அனுமதித்திருந்தால் உண்டு; மகாராஷ்டிரத்தில் அனுமதி தேவையே இல்லை; திராவிட தேசத்திலோ கணவன் சொல்லாமற் போனாலும், அவனுடைய நெருங்கிய உறவினரான சபிண்டர்கள் சம்மதித்தால் போதும் என்பது வழக்கம். ராணிக்கு மாமியாரின் சம்மதமும் தாயாதிகளின் சம்மதமும் இருந்தன. சென்னை ஹைக்கோர்ட்டு சுவீகாரம் செல்லும் என்றது. பிரிவி கவுன்சில் அதை உறுதி செய்து, தெளிவாக நிரூபிக்கப்பட்ட வழக்கம் எழுதி வைத்த சாஸ்திரத்தையும் மிஞ்சும் என்னும் பிரசித்தமான கோட்பாட்டையும் வகுத்தது.

அந்தப் பாலனே முத்துராமலிங்க சேதுபதி. அவர் மகன் பாஸ்கர சேதுபதி, விவேகாநந்த ஸ்வாமிகளின் அமெரிக்கப் பிரயாணத்துக்கு ஊக்கமளித்தவர். முத்துராமலிங்கரின் தமையனார் பொன்னுசாமித் தேவரோ தமிழ்ப் புலவர்களை ஆதரித்துப் பழைய நூல்கள் அச்சேறத் துணைநின்ற வள்ளல். அவருடைய மகன் பாண்டித்துரைத் தேவர் 1901-இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். ஒரு விதவையின் சுவீகாரம் செல்லாது என்று தீர்ப்பாகியிருந்தால், சேது நாட்டில் தமிழ் வளர்ந்த கதையும் வேறாகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது.

வழக்கமே சாஸ்திரத்தை மிஞ்சும் என்று இலண்டனில் சொன்னபோதிலும், இங்கிருந்த கோர்ட்டுகள் அதைத் தலைகீழாகவே அனுஷ்டித்தன. கோர்ட்டுகளுக்குச் சாஸ்திரம் சொல்லிவந்த பண்டிதர்கள் 1864-இல் நீக்கப்பட்ட பிறகு, மொழிபெயர்த்த சம்ஸ்கிருத நூல்களே எல்லா ஜாதியாருக்கும் பொதுச் சட்டம் என்றாகி, அதற்கு மாறான வழக்கம் உண்டென்று சொல்லும் மறவரோ கள்ளரோ வேளாளரோ அதைத் தாமே நிரூபிக்க வேண்டியதாயிற்று. மதுரையில் உத்தியோகம் பார்த்து அந்த ஜில்லாவின் சரித்திரத்தை எழுதிய ஜே. எச். நெல்சன், 1877-இல் இதைக் கடுமையாகக் கண்டித்தார்: மிதாக்ஷரம் என்ற பெயரையே கேள்விப்படாத தமிழ்க் குடியானவன்மீது அதைச் சுமத்துவது அநீதி என்பது அவருடைய கட்சி. நீதிபதிகளுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் அவர் சொன்னதில் சத்தியம் இருந்தது என்றே நான் நம்புகிறேன். ஏனெனில் எழுதப்படாத வழக்கத்தை எழுத்தறியாத குடும்பம் கோர்ட்டில் எதைக்கொண்டு நிரூபிக்கும்?

காத்தம நாச்சியாரின் வெற்றிக்கும் ஓர் எல்லை இருந்தது. ஜமீன் அவர் கைக்கு வந்ததேயன்றி அவருடைய முழு உரிமையுள்ள ஸ்திரீதனமாக ஆகவில்லை. அவர் காலத்துக்குப் பின் பேரன்மாரிடையே மீண்டும் வழக்கு மூண்டபோது, மகள் என்பவள் ஆயுள்வரை அனுபவிக்கும் உரிமையே உடையவள், அவளுக்குப் பின் சொத்து அவளுடைய வாரிசுக்கன்று, அவளுடைய தகப்பனாரின் வாரிசுக்கே திரும்பும் என்று 1881-இல் பிரிவி கவுன்சில் கூறிற்று. வக்கீலிடம் கேட்கும் இரண்டாவது கேள்வியின் வேர் இதுதான். ஆளலாம், அனுபவிக்கலாம், மிகுந்த அவசியமில்லாமல் விற்கக் கூடாது. பெண்ணின் கையில் வந்த சொத்து அவள் வழியாகக் கடந்து செல்லும் நீர்போலக் கருதப்பட்டது. 1937-ஆம் வருஷத்துச் சட்டம் கூட்டுக் குடும்பத்து விதவைக்கும் கணவனின் பாகத்தைக் கொடுத்தது, ஆனால் அதே குறையுரிமையோடுதான் கொடுத்தது; விவசாய நிலத்துக்கு அதை நீட்டிக்கச் சென்னை மாகாணம் 1947-இல் தனிச் சட்டம் செய்ய நேர்ந்தது. குறையுரிமை நிறையுரிமையாக மாறியது 1956-இல், இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14-ஆவது பிரிவால். பூர்விகச் சொத்தில் பிறப்பால் வரும் பங்கு மகளுக்கும் உண்டு என்பதைத் தமிழ்நாடு 1989 மார்ச் 25 முதல், அதற்கு முன் மணமாகாத பெண்களுக்கு மட்டும், ஒப்புக்கொண்டது. 2005-இல் வந்த மத்தியத் திருத்தம் மணமானவர் ஆகாதவர் என்ற பேதத்தை நீக்கியது. அந்தத் திருத்தம் வந்த தேதியில் தகப்பனார் உயிரோடிருந்திருக்க வேண்டுமா என்ற சந்தேகத்தை, வேண்டியதில்லை என்று, சுப்ரீம் கோர்ட்டு 2020-இல் தீர்த்தது.

இவ்வளவுக்குப் பிறகும் பழைய கேள்வி ஓயவில்லை. 1938-இல் கோர்ட்டு ஏலத்தில் ஒரு தமிழ்நாட்டு விவசாயி தாமே வாங்கிய நிலம். அவர் 1956-ஆம் வருஷத்துச் சட்டம் வருமுன்பே, ஒரே மகளை விட்டு இறந்துபோனார். அந்த மகளும் 1967-இல் மக்களின்றி இறந்தாள். அந்த நிலத்தில் விவசாயியின் சகோதரர் மகள் பங்கு கேட்டு வழக்காட, கீழ்க் கோர்ட்டும் ஹைக்கோர்ட்டும், குடும்பம் கூட்டாக இருந்ததால் நிலம் ஆண் வழியிலேயே இறங்கிற்று என்று தள்ளிவிட்டன. 2022 ஜனவரி 20-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு அதை மாற்றியது. சுயார்ஜிதமான நிலம் தகப்பனாருக்குப் பின் மகளுக்கே வந்தது. அவள் இறந்த பின் சகோதரரின் புதல்வர்களுக்கு மட்டுமன்றிப் புதல்விகளுக்கும் அதில் பங்குண்டு என்று தீர்ப்பளித்த நீதிபதிகள், மிதாக்ஷரத்தில் தொடங்கி, நூற்று ஐம்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் காத்தம நாச்சியார் பெற்ற தீர்ப்பையும் ஆதாரமாக எடுத்துக் காட்டினார்கள். சுப்ரீம் கோர்ட்டில் அந்த அப்பீலைச் செய்தவர் முடிவைக் கேட்கும்வரை உயிரோடு இருக்கவில்லை. வழக்கின் தலைப்பில் அவர் பெயரை அடுத்து, காலஞ்சென்றார், வாரிசுகள் மூலமாக என்று குறித்திருக்கிறது.