முக்கூடல் இரண்டு

குற்றாலத்திற்குச் சாரல் காண வருவோர் தென்காசியைக் கடக்கும்போது கோபுரத்தை நோக்குவர். திண்ணைகளை நோக்குவோர் சிலரே. அத்திண்ணைகளில் மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றும் தாய்மாரின் உழைப்பால் படித்து உயர்ந்த மாணவர் பலரை நான் அறிவேன். இப்பேச்சைக் கேட்கும் உங்களுள்ளும் அத்தகையோர் இருப்பீர்கள். அத்தாய்மார் நோயுற்றால் செலவை யார் ஏற்பது? இக்கேள்விக்கு நீண்ட வரலாறு உண்டு.

காஞ்சிபுரத்தை அடுத்த திருமுக்கூடலில், 11ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்ட வீரராசேந்திர சோழனின் கல்வெட்டு ஒன்று உள்ளது. அங்கே கோயிலைச் சார்ந்து 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர்சாலை நடந்தது. மருத்துவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும் அளந்தனர். நோயாளி மடியவிழ்க்கும் பேச்சு அதில் இல்லை.

பிற்காலத்தில் அறக்கொடையின் இடத்திற்குக் காப்பீடு வந்தது. 1883இல் செருமனியில் பிசுமார்க்கு கொணர்ந்த சட்டப்படி, தொழிலாளி இரு பங்கும் முதலாளி ஒரு பங்கும் செலுத்தினர். நம் நாட்டில் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் 1948இல் பிறந்து, 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் தில்லியிலும் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அந்நாளில் அது இயந்திர விசையால் இயங்கும், 20 பேருக்குக் குறையாத ஆலைகளையே தழுவியது. திண்ணைக்கு ஏது விசை? பீடி சுற்றுவோர் வெளியே நின்றனர்.

1976இல் அவர்களுக்கெனத் தனி நலநிதிச் சட்டம் இயற்றப்பட்டது. பீடியின்மீது விதித்த தீர்வையே அந்நிதிக்கு ஊற்று. தாமிரபரணிக் கரையிலுள்ள நம் முக்கூடலில் அந்நிதியால் ஒரு மருத்துவமனை எழுந்தது. பெயரொற்றுமை தற்செயலே; ஆயினும் எனக்கு அது இனிக்கிறது.

பெருநோய்களுக்கோ வேறு முறை. இதய நோய்க்கு 1,30,000 ரூபாய் வரையிலும், சிறுநீரக மாற்றத்திற்கு 2,00,000 ரூபாய் வரையிலும் செலவிட்ட பணத்தைத் திருப்பித் தருவது என விதி செய்தனர். நல்ல விதிதான். ஆயினும் திரும்பப் பெறுவதற்கு முதலில் செலவிட வேண்டுமே! மாதச் சம்பளம் பெற்ற எங்களைப் போன்ற ஆசிரியர்களே ரசீதுகளையும் சான்றிதழ்களையும் சேர்த்து அனுப்பிவிட்டு, கடன் வட்டியை எண்ணிக் காத்திருந்தோம். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி பெறுபவள், அறுவைச் சிகிச்சைக்கு முன்பணம் எங்கே தேடுவாள்? தாலிச் சங்கிலி ஒன்றே வழி.

இக்குறையை உணர்ந்தே, 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் வேறு வழியில் சென்றன. அட்டையைக் காட்டினால், காப்பீட்டு நிறுவனம் மருத்துவமனைக்கே பணம் செலுத்தும். 2012இல் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு மேற்படாத குடும்பங்கள் இதிற் சேர்ந்தன. அவ்வரம்பு பின்னர் 1,20,000 ஆயிற்று. என் கருத்தில், தொகையின் பெருக்கத்தினும் இம்முறை மாற்றமே பெரிது.

நலநிதியின் கதை வேறாயிற்று. 2017இல் சரக்கு சேவை வரி வந்தபோது பீடித் தீர்வை நீங்கியது. சுற்றும் பீடியோடு தானே வளர்ந்த பங்கு அது. அதன்பின் இந்நலப்பணிகளுக்கு, மைய அரசு ஆண்டுதோறும் தன் வரவு செலவுத் திட்டத்தில் ஒதுக்கும் பணத்தையே எதிர்நோக்க வேண்டியதாயிற்று.