ஸ்கொட்டின் சறுக்குப் பலகைகள்

தென்துருவப் பயணத்துக்கென அமைத்த மோட்டார்ச் சறுக்குவண்டியைப் பரீட்சிக்க, 1910 மார்ச்சில் கப்டன் ஸ்கொட் நோர்வேக்குச் சென்றார். துருவ அனுபவத்தில் முதிர்ந்த நான்சன், திரிக்வே கிரான் என்னும் இருபத்திரண்டு வயது இளைஞனை அங்கே அவருக்கு அறிமுகஞ் செய்தார். காலிற் பூட்டிய நீண்ட மரப்பலகைகளிற் பனிமேல் வழுக்கிச் செல்வதில் அவன் வல்லவன். ஸ்கொட் அவனைத் தம் குழுவுக்கு ஆசிரியனாக அமர்த்தினார்.

நோர்வேயில் இவ்வித்தை நடைபழகும் பருவத்திலேயே தொடங்குவது. ஆங்கிலேயரிற் பலரோ 1911இல் அந்தாட்டிக்காவை அடைந்த பின்னரே அதனைப் பழகினர். தம்மவர் தப்பெண்ணத்தாற் பயிற்சியின்றி வந்தனரே என்று ஸ்கொட் அவ்வாண்டு டிசம்பரில் நாட்குறிப்பில் நொந்துகொண்டார். அதே மாதம் 14ஆந் திகதி அமுண்ட்சென் துருவத்தில் நின்றார்.

பவர்ஸின் பலகைகள் வழியில் விடப்பட்டிருந்தன. அதன் பின்னர் அவரையே ஐந்தாமவராகச் சேர்த்துக்கொண்டமைக்கு நியாயங் கற்பிப்பது கடினம். நால்வர் வழுக்கிச் செல்ல, அவர் நடந்தே 1912 ஜனவரி 17இல் துருவஞ் சேர்ந்தார். மீளும் வழியில் ஐவரும் மாண்டனர்.

நவம்பர் 12இல் கூடாரத்தைக் கண்டவர்களுள் கிரானும் ஒருவன். தன் பலகைகளைச் சிலுவையாக்கி அப்பனிச் சமாதியில் நாட்டினான். ஸ்கொட்டின் பலகைகளைத் தான் பூட்டிக்கொண்டான். அவையாவது பயணத்தை முடிக்கட்டும் என்பது அவன் எண்ணம்.