அரை மணி நேரச் சாப்பாடு

பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் மெட்ரோ ஏறினால் தெற்கே அடுத்த நிலையம் சம்பிகே ரோடு. அங்கே 2010-இல் திறந்த மந்திரி ஸ்கொயர் மால் நிற்கிறது. அதற்கு முன் அந்த இடத்தில் ஓடியது, ஊர்க்காரர்கள் ‘ராஜா மில்’ என்று அழைத்த நூற்பாலை. பின்னிப்பேட்டையில் இன்னொரு மில். 1884-இல் தொடங்கி, 1886 முதல் சென்னை பின்னி கம்பெனியின் நிர்வாகத்தில் இருந்தது. தமிழர்கள் நெருங்கி வாழும் ஸ்ரீராம்புரமும் ஓகலிபுரமும் இந்த ஆலைகளின் சுற்றுவட்டாரம்.

மில் வேலையில் அலுப்பது உடம்பு மட்டுமல்ல. எந்திர இரைச்சலில் பக்கத்து ஆள் பேசுவது காதில் விழாது. இழை அறுந்தால் ஓடிப்போய் முடிய வேண்டும். புருவத்தில் பஞ்சு படியும். மேஸ்திரி திட்டினால் வாயைத் திறக்க முடியாது. விழுங்கிய கோபத்தை எங்கே இறக்கி வைப்பது? சிலர் கள்ளுக்கடையில் இறக்கினார்கள், சிலர் வீட்டில். பஜனைக் கூடத்துக்குப் போனவர்களும் உண்டு.

அப்படிப்பட்ட கூடம் ஒன்று வரலாறானது, பின்னியின் சென்னை ஆலைகள் இருந்த பெரம்பூரில். செல்வபதி செட்டியார், ராமானுஜுலு நாயுடு என்ற இரு வணிகர்கள் அங்கே வெங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபா நடத்தினார்கள். சாமி கதை கேட்க வந்த தொழிலாளிகள், கதை முடிந்ததும் சொந்தக் கதையைச் சொன்னார்கள்.

பெரிய குறை, சாப்பாட்டு நேரம். மதியம் அரை மணிதான். அதற்குள் வெளியே வர வேண்டும், கைப்பஞ்சைக் கழுவ வேண்டும், தூக்குச்சட்டியைத் திறந்து சாப்பிட்டு மறுபடி எந்திரத்தின் முன் நிற்க வேண்டும். சோற்றை மென்று தின்னவே நேரமில்லை.

கேட்டுவிட்டு ‘எல்லாம் பெருமாள் பார்த்துக்கொள்வார்’ என்று இருவரும் அனுப்பிவிடவில்லை. ‘நியூ இந்தியா’ பத்திரிகை அலுவலகத்துக்குப் போய் அங்கே பணியாற்றிய பி.பி. வாடியாவைப் பார்த்தார்கள். 1918 ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வாடியா தலைவர், திரு.வி.க.வும் தோள் கொடுத்தார். முறையாக அமைந்த இந்தியாவின் முதல் தொழிற்சங்கம் என்று அதைச் சொல்வார்கள். சபாவில் கொட்டிய புலம்பல், சங்கத்தில் கோரிக்கை மனுவானது.

முப்பது ஆண்டு கழித்து, 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் அந்த மனக்குறைகளுக்கு எண்களில் பதில் எழுதியது. வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஒரே மூச்சாக வேலை வாங்கக் கூடாது. நடுவே குறைந்தது அரை மணி ஓய்வு: அன்று போதாதென்று புலம்பிய அதே அரை மணி, சட்டத்தில் குறைந்தபட்சமாக. 250 பேருக்கு மேல் இருந்தால் கேன்டீன் வேண்டும் என்றது அந்தச் சட்டம்.

ராஜா மில்லில் இப்போது சங்கு ஊதுவதில்லை. அதே சாலையில் சாப்பாட்டுப் பொட்டலம் சுமந்து பைக்கில் பறக்கிறவர்களுக்கு மதியம் எப்போது என்று எந்த மணியும் அடிப்பதில்லை. தொழிற்சாலைக்கு எழுதிய அந்த அரை மணி, அவர்களின் கணக்கில் வராது.