இரண்டு நாள் கணக்கு

2009 ஆகஸ்ட். அப்போது நாங்கள் புனேயில் இருந்தோம். நாட்டின் முதல் பன்றிக்காய்ச்சல் மரணம் அங்கேதான் நடந்திருந்தது. ஊரே முகத்தில் துணி கட்டிக்கொண்டு திரிந்தது. என் மனைவிக்கு ஏழாவது மாதம். ராத்திரி காய்ச்சல் 102.

அரசு மையத்தில் வரிசையில் நின்று டாமிஃப்ளூ வாங்கி வந்துவிட்டேன். கொடுக்கத்தான் கை வரவில்லை. குழந்தைக்கு ஏதாச்சும் ஆயிடுமோன்னு ஒரு நாள் முழுக்க கூகுளில் தேடிக்கொண்டிருந்தேன். ஊரிலிருந்து போன் செய்த மாமியார், "அவ மூச்சு நல்லா இருந்தாத்தானே மாப்பிள்ளை, புள்ளைக்கும் நல்லது?" என்றார். மறுநாள் காலையில்தான் கொடுத்தேன்.

அந்த ஒரு நாளின் விலை என்னவென்று பிற்பாடு தேடிப் படித்தேன்.

1918 ஃப்ளூவின்போது அமெரிக்காவில் ஹாரிஸ் என்ற மகப்பேறு மருத்துவர், சக டாக்டர்களிடம் கேட்டு 1,350 கர்ப்பிணிகளின் விவரங்களைத் திரட்டி 1919-ல் வெளியிட்டார். ஏறக்குறைய பாதிப் பேருக்கு நிமோனியா. மொத்தத்தில் 27% பேர் இறந்தார்கள். நிமோனியா வந்தவர்களில் பாதிக்கும் மேல். அன்றைக்கு வைரஸுக்கு மருந்தும் இல்லை, வென்டிலேட்டரும் இல்லை.

1957 ஆசிய ஃப்ளூவிலும் அதே கதை. மினசோட்டாவில் இறந்த, பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் பாதிப் பேர் கர்ப்பிணிகள். 1960-ல் அமெரிக்க அரசு கர்ப்பிணிகளுக்கும் ஃப்ளூ தடுப்பூசியைப் பரிந்துரைத்தது.

காரணம் புரியாத ஒன்றல்ல. வளரும் கருப்பை உதரவிதானத்தை மேலே தள்ளுகிறது. ஆக்சிஜன் தேவையோ கூடுகிறது. நுரையீரலில் கையிருப்பு குறைவு. நிமோனியா வந்தால் சீக்கிரம் மூச்சு முட்டிவிடும்.

2009-ல் மருந்து இருந்தது. அமெரிக்காவில் அந்த வருடம் தொற்று வந்த 788 கர்ப்பிணிகளைப் பற்றிய ஆய்வு ஒன்று உண்டு. அறிகுறி தெரிந்த இரண்டு நாளுக்குள் மருந்து தொடங்கியவர்களில் ஐசியூ போனவர்கள் சுமார் 9%. நான்கு நாள் தாண்டித் தொடங்கியவர்களில் 57%.

நான் கூகுளில் தொலைத்தது அந்த இரண்டு நாளில் ஒரு நாள்.

கொரோனாவிலும் இதே தயக்கம்தான். 2021 ஜனவரியில் இந்தியாவில் தடுப்பூசி தொடங்கியபோது கர்ப்பிணிகளை ஒதுக்கி வைத்தார்கள். அனுமதி வந்தது ஜூலை 2-ல். நடுவில் இரண்டாம் அலை வந்து போயிருந்தது. ஆய்வுகளில் அவர்களைச் சேர்க்கவில்லை, அதனால் தரவு இல்லை, அதனால் ஊசியும் இல்லை. பயம் குழந்தைக்காக, உயிர் போனது அம்மாக்களுக்கு.

எங்கள் மகள் நல்லபடியாகப் பிறந்தாள். வீட்டில் கர்ப்பிணி இருந்து, காய்ச்சலோடு இருமலும் வந்தால், என்னை மாதிரி தேடிக்கொண்டு உட்காராதீர்கள். அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.