பணிப்பட்டியல்

செய்ய வேண்டிய வேலைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி வைத்து, முடிந்ததை அடித்துக்கொண்டே போகும் குறிப்புக்குப் பணிப்பட்டியல் என்று பெயர். பேச்சில் அது வெறும் 'லிஸ்ட்'. மளிகை லிஸ்ட், கல்யாண வேலை லிஸ்ட், ஊருக்குக் கிளம்பும்போது எடுத்துவைக்க வேண்டியவற்றின் லிஸ்ட் எனத் தமிழ் வீடுகளில் அதற்குப் பல வடிவங்கள் உண்டு. தாளின் தலையில் பிள்ளையார் சுழி போட்டுத் தொடங்கும் பழக்கம் மளிகைச் சீட்டிலும் உண்டு.

பட்டியலிடம் நாம் கேட்பது இரண்டு. ஒன்று, எதையும் மறக்கவிடாமல் வைத்திருப்பது. மற்றொன்று, எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப்போடுவது, எதை விட்டேவிடுவது என்று தீர்மானிக்க உதவுவது. முதல் வேலையைக் கையில் கிடைத்த துண்டுச் சீட்டே செய்துவிடும். இரண்டாவதுதான் கடினம். கடந்த நூறு ஆண்டுகளில் இதைச் சுற்றி எழுந்த முறைகள், நூல்கள், செயலிகள் பெரும்பாலும் அந்த இரண்டாவது வேலைக்காக வந்தவை.

முடிச்சிலிருந்து நாட்குறிப்புக்கு

எழுதாமலும் வேலையை நினைவில் வைக்கலாம். மறக்கக் கூடாத ஒன்றுக்காகத் துண்டின் நுனியிலோ முந்தானையிலோ முடிச்சுப் போட்டுக்கொள்வது பழைய வழி. சாமிக்கு வேண்டிக்கொண்டவர்கள் மஞ்சள் துணியில் காசு முடிந்து பூசை மாடத்தில் வைப்பார்கள். நேர்த்திக்கடன் தீரும்வரை அந்த முடிச்சு அவிழாது. கண்ணில் படும் ஒவ்வொரு முறையும் பாக்கி இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருக்கும். ஆனால் முடிச்சு ஒரே ஒரு வேலையைத்தான் தாங்கும். வேலைகள் பெருகும்போது எழுத்து தேவைப்படுகிறது.

லியொனார்டோ டா வின்சியின் குறிப்பேடுகளில் இத்தகைய பட்டியல்கள் பல கிடைக்கின்றன. 1490-களை ஒட்டி மிலானில் அவர் எழுதிய ஒன்றில், மிலான் நகரையும் அதன் புறநகரையும் அளப்பது ஒரு வேலை. ஃபிளாண்டர்ஸ் நாட்டில் பனிக்கட்டி மீது எப்படி நடக்கிறார்கள் என்று பெனடெட்டோ போர்ட்டினாரியிடம் கேட்பது இன்னொன்று. ஒரு முக்கோணத்தின் பரப்புக்குச் சமமான சதுரம் காணும் வழியைக் கணித ஆசிரியர் ஒருவரிடம் கற்பதும் அதில் உண்டு. செய்யும் வேலையும் தெரிந்துகொள்ள வேண்டிய சேதியும் கலந்து கிடக்கும் அந்தப் பட்டியலில் முன்னுரிமை என்று எதுவும் இல்லை. தோன்றிய வரிசையே வரிசை.

நாளைத் திட்டமிட்டு வகுத்ததில் அமெரிக்கரான பெஞ்சமின் ஃபிராங்க்ளின் பெயர் அடிக்கடி வரும். அவருடைய தன்வரலாற்றில் 1784-ல் பாரிஸ் அருகே பாசியில் இருந்தபோது எழுதிய பகுதியில், 13 நற்குணங்களைப் பழக அவர் வைத்திருந்த சிறு ஏட்டைப் பற்றியும், 24 மணி நேரத்தையும் பங்கிட்ட அட்டவணையைப் பற்றியும் சொல்கிறார். காலை 5 மணிக்கு எழுந்ததும் இன்று என்ன நல்லது செய்யப்போகிறேன் என்ற கேள்வி. இரவில் என்ன செய்தேன் என்ற கேள்வி. தவறுகளைக் குறித்துக் குறித்து அழித்ததில் தாள் ஓட்டையாகிப் போக, ஈரப் பஞ்சால் துடைக்கக்கூடிய தந்தத் தகடுகளுக்கு மாறினார். அந்த 13 குணங்களில் தம்மை அதிகம் பாடுபடுத்தியது ஒழுங்குதான் என்றும் ஒப்புக்கொள்கிறார். கூலிக்கு வேலை செய்யும் அச்சுத் தொழிலாளியால் அட்டவணைப்படி நடக்க முடியும். வருகிறவர்களை அவர்கள் வரும் நேரத்தில் பார்த்தாக வேண்டிய முதலாளியால் முடியாது என்பது அவர் கண்டது. இன்றைய அலுவலகங்களிலும் இதே இடத்தில்தான் பட்டியல் உடைகிறது.

தேதியிட்ட பக்கங்களோடு அச்சடித்த நாட்குறிப்பை லண்டனில் ஜான் லெட்ஸ் 1812-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதுவரை நாட்குறிப்பு நடந்ததை எழுதும் இடமாக இருந்தது. தேதி முன்கூட்டியே அச்சாகி வந்ததும், நடக்க வேண்டியதையும் அதில் எழுத வழி பிறந்தது.

முடியாத வேலையின் அரிப்பு

பாதியில் நிற்கும் வேலை மனத்தைவிட்டு ஏன் போவதில்லை என்ற கேள்வியை ஆய்வகத்துக்குக் கொண்டுசென்றவர் புளூமா சைகார்னிக். பெர்லினில் கர்ட் லெவினின் மாணவியாக இருந்த அவர், புதிர் விடுவித்தல், மணி கோத்தல், களிமண்ணில் உருவம் பிடித்தல் போன்ற சிறு வேலைகளை ஆட்களிடம் கொடுத்தார். அவற்றில் பாதியை நடுவிலேயே நிறுத்திவிட்டார். பிறகு கேட்டபோது, முடித்தவற்றைவிட முடிக்கவிடாதவையே அதிகம் நினைவில் இருந்தன. 1927-ல் வெளியான இந்த முடிவு 'சைகார்னிக் விளைவு' என்று பெயர் பெற்றது. பின்னர் அதே சோதனையைச் செய்து பார்த்தவர்களுக்கு எப்போதும் அதே விடை கிடைக்கவில்லை.

வேலையை முடித்தால்தான் இந்த அரிப்பு அடங்குமா? 2011-ல் மாசிகாம்போ, பௌமைஸ்டர் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வின்படி, தேவையில்லை. முடிக்காத காரியம் மனத்தில் குறுக்கிட்டுக்கொண்டிருந்தவர்களிடம், அதை எப்போது, எப்படிச் செய்வது என்று திட்டம் எழுதச் சொன்னார்கள். எழுதியதுமே குறுக்கீடு குறைந்தது. வேலை அப்படியேதான் கிடந்தது.

2018-ல் பேய்லர் பல்கலைக்கழகத்தின் தூக்க ஆய்வகத்தில் 57 இளையோரை வைத்து ஒரு சோதனை நடந்தது. படுக்கும் முன் 5 நிமிடம் ஒரு பகுதியினர் வரும் நாட்களில் செய்ய வேண்டியவற்றை எழுதினார்கள். மற்றவர்கள் செய்து முடித்தவற்றை எழுதினார்கள். பட்டியல் எழுதியவர்கள் சராசரியாக 9 நிமிடம் முன்னதாகத் தூங்கிப்போனார்கள். அவர்களிலும், விவரமாக எழுதியவர்களுக்கு இன்னும் சீக்கிரம் தூக்கம் வந்தது.

பட்டியல் தேவைப்படுவதற்கு நினைவின் கொள்ளளவும் ஒரு காரணம். ஒரே நேரத்தில் ஏறத்தாழ ஏழு செய்திகளைத்தான் மனம் பிடித்துவைக்கும் என்று 1956-ல் ஜார்ஜ் மில்லர் எழுதினார். நெல்சன் கோவன் 2001-ல் அதை நான்காகக் குறைத்தார். கல்யாண வீட்டில் பந்தல்காரர், சமையல்காரர், மேளம், தாம்பூலப் பை, வெளியூர் விருந்தினருக்கு அறை என்று ஐந்தைச் சொல்வதற்குள் அந்தக் கணக்கு நிறைந்துவிடுகிறது.

எது முதலில்?

மேலாண்மை நூல்களில் திரும்பத் திரும்ப வரும் கதை ஒன்று உண்டு. 1918 வாக்கில் பெத்லஹெம் ஸ்டீல் நிறுவனத்தின் தலைவர் சார்லஸ் ஷ்வாப், மக்கள் தொடர்புத் துறையின் முன்னோடியான ஐவி லீயிடம் தம் அதிகாரிகளின் வேலைத்திறனைக் கூட்ட வழி கேட்டாராம். நாள் முடிவில் மறுநாளைக்கான ஆறு வேலைகளை மட்டும் எழுதுங்கள், முக்கியத்துவப்படி எண்ணிடுங்கள், காலையில் முதல் எண்ணில் தொடங்கி, அது முடியும்வரை இரண்டாவதைத் தொடாதீர்கள் என்றாராம் லீ. சில மாதம் கழித்து ஷ்வாப் 25,000 டாலர் காசோலை அனுப்பினார் என்று கதை முடியும். தொகையும் நடந்த விதமும் சொல்பவரைப் பொறுத்து மாறினாலும், முறை எளிமையாக இருப்பதால் 'ஐவி லீ முறை' நிலைத்துவிட்டது. ஆறு என்ற வரம்பில்தான் அதன் வலிமை இருக்கிறது. ஏழாவது வேலை உள்ளே வர வேண்டுமென்றால் ஏதாவது ஒன்று வெளியே போக வேண்டும்.

ஆலன் லேகின் 1973-ல் வெளியிட்ட நேர மேலாண்மை நூல் எண்களுக்குப் பதிலாக ஏ, பி, சி என்று தரம் பிரிக்கச் சொன்னது. மென்பொருள் துறையில் 1994-ல் டாய் கிளெக் உருவாக்கிய 'மாஸ்கோ' முறை, கட்டாயம் வேண்டியவை, வேண்டியவை, இருந்தால் நல்லவை, இப்போதைக்கு வேண்டாதவை என நான்காகப் பிரிக்கிறது. வேண்டாதவற்றையும் எழுதி வைப்பது அதன் தனித்தன்மை.

இவற்றில் அதிகம் பேசப்படுவது 'ஐசன்ஹோவர் கட்டம்'. அவசரம், முக்கியம் என்ற இரு அளவுகோல்களால் வேலைகளை நான்கு கட்டங்களில் போடும் முறை இது. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ட்வைட் ஐசன்ஹோவர் கட்டம் எதையும் வரையவில்லை. 1954 ஆகஸ்டில் எவன்ஸ்டன் நகரில் உலகத் திருச்சபைகள் மன்றத்தின் கூட்டத்தில் பேசியபோது, அவசரமானதும் முக்கியமானதும் ஒன்றல்ல என்ற கருத்தைக் கல்லூரித் தலைவர் ஒருவர் சொன்னதாகவே எடுத்துச் சொன்னார். அதை நான்கு கட்டமாக்கிப் பரப்பியவர் ஸ்டீஃபன் கோவி. 1989-ல் வந்த அவருடைய 'ஏழு பழக்கங்கள்' நூல் வழியாக அது உலகெங்கும் போனது.

கட்டங்களை நடைமுறையில் இப்படிப் பார்க்கலாம். கரண்ட் பில்லுக்கு இன்று கடைசி நாள்: அவசரமும் முக்கியமும். ஆண்டுக்கு ஒருமுறை செய்ய வேண்டிய சர்க்கரைப் பரிசோதனை: முக்கியம், ஆனால் யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள். அடித்துக்கொண்டே இருக்கும் போன்: அவசரம், பெரும்பாலும் முக்கியமில்லை. விழாக்கால வாழ்த்துப் படங்களை எல்லாக் குழுவுக்கும் அனுப்புவது: இரண்டுமில்லை. இரண்டாவது கட்டத்தில் இருப்பவைதான் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போகின்றன என்பது கோவியின் வாதம். கெடு நெருங்கிய வேலை குறைந்த பலன் தந்தாலும் மக்கள் அதையே எடுக்கிறார்கள் என்று 2018-ல் ஆய்வாளர்கள் சோதனைகள் வழியாகக் காட்டினார்கள். அதை 'வெற்று அவசர விளைவு' என்றார்கள்.

தள்ளிப்போடுவதையே ஒரு முடிவாகப் பார்க்கும் எண்ணம் தமிழுக்குப் புதிதில்லை. திருக்குறளின் வினைசெயல்வகை அதிகாரத்தில் 672-ஆம் குறள், தாமதித்துச் செய்ய வேண்டியவை, தாமதிக்கக் கூடாதவை என வினைகளை இரண்டாகப் பிரித்து, இரண்டுக்கும் இடம் தருகிறது.

பட்டியலில் என்ன எழுதுவது

வேலைகளை வரிசைப்படுத்தியும் பல பட்டியல்கள் நகராமல் கிடக்கின்றன. அதற்குக் காரணம் எழுதும் விதம் என்றார் டேவிட் ஆலன். 2001-ல் வெளிவந்த அவருடைய 'கெட்டிங் திங்ஸ் டன்' நூல் சொல்வது இது: 'வண்டி' என்று எழுதினால் அது வேலை ஆகாது, கவலைதான். 'மெக்கானிக்குக்கு போன் செய்து சனிக்கிழமை நேரம் கேட்பது' என்று எழுதினால் கை நகரும். அடுத்து உடலால் செய்யக்கூடிய செயல் எதுவோ அதையே எழுத வேண்டும். இரண்டு நிமிடத்தில் முடிவதை எழுதவே வேண்டாம், உடனே செய்துவிட வேண்டும். பீட்டர் கோல்விட்சர் 1999-ல் விளக்கிய 'இன்னது நேர்ந்தால் இன்னது செய்வேன்' என்ற வகைத் திட்டமும் இதற்கு நெருக்கமானது. காப்பி குடித்ததும் வங்கிப் படிவத்தை நிரப்புவேன் என்று நேரத்தையும் செயலையும் கோத்துவிட்டால், செய்து முடிக்கும் வாய்ப்பு கூடுகிறது.

சரிபார்ப்புப் பட்டியல் வேறு

பணிப்பட்டியலோடு குழப்பிக்கொள்ளப்படுவது சரிபார்ப்புப் பட்டியல். பணிப்பட்டியல் நாளுக்கு நாள் மாறும். சரிபார்ப்புப் பட்டியல் மாறாது. ஒரே காரியத்தை ஒவ்வொரு முறையும் ஒரு படிகூட விடாமல் செய்ய வைப்பதே அதன் வேலை. 1935 அக்டோபர் 30 அன்று ஒஹையோவில் போயிங் 299 குண்டுவீச்சு விமானம் சோதனை ஓட்டத்தில் விழுந்து நொறுங்கியது. நிலத்தில் நிற்கும்போது கட்டுப்பாட்டுச் சிறகுகளை அசையாமல் பிடித்திருக்கும் பூட்டை விடுவிக்க மறந்ததுதான் காரணம். அதன்பின் விமானிகள் படிவாரியாகப் பார்க்கும் பட்டியல் வழக்கமானது. உலகச் சுகாதார நிறுவனம் 2008-ல் அறுவை சிகிச்சைக்காக 19 அம்சப் பட்டியலை வெளியிட்டது. புதுதில்லி உட்பட எட்டு நகர மருத்துவமனைகளில் அதைப் பயன்படுத்தியபோது, இறப்பு விகிதம் 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8-ஆகக் குறைந்ததாக 2009-ல் ஆய்வு வெளியானது.

தாளும் திரையும்

2005-ல் 'ரிமெம்பர் த மில்க்', 2007-ல் 'டுடூயிஸ்ட்' என இணையப் பட்டியல்கள் வரத் தொடங்கின. 2011-ல் வந்த 'டிரெல்லோ', டொயோட்டா ஆலைகளில் பிறந்த கான்பன் அட்டை முறையைத் திரைக்குக் கொண்டுவந்தது: செய்ய வேண்டியது, நடப்பது, முடிந்தது என்று மூன்று பத்திகள், அட்டை இடமிருந்து வலம் நகரும். நடப்பது என்ற பத்தியில் ஒரே நேரத்தில் இத்தனை அட்டைதான் என்று வரம்பு வைப்பது கான்பனின் உயிர்நாடி. பெர்லினில் உருவான 'வுண்டர்லிஸ்ட்' செயலியை மைக்ரோசாஃப்ட் 2015-ல் வாங்கி, 2020 மே மாதம் மூடியது. பயனர்கள் தங்கள் பட்டியலை நிறுவனத்தின் புதிய செயலிக்கு மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது.

செயலியில் முடிக்காத வேலை தானாகவே மறுநாளுக்குப் போய்விடும். தாளில் கையால் எழுத வேண்டும். ரைடர் கரோல் 2013-ல் அறிமுகப்படுத்திய 'புல்லட் ஜர்னல்' முறை இந்தச் சிரமத்தையே வடிகட்டியாக்கியது. மாத முடிவில், பாக்கியான ஒவ்வொரு வேலையையும் புதிய பக்கத்தில் மறுபடி எழுத வேண்டும். எழுதக் கை வராத வேலை அங்கேயே அடிக்கப்படும்.

குறைகள்

மனிதர்கள் தங்கள் வேலைக்கு ஆகும் நேரத்தைக் குறைவாகவே கணிக்கிறார்கள். டேனியல் கானிமன், ஏமஸ் ட்வெர்ஸ்கி இருவரும் 1979-ல் இதைத் 'திட்டமிடல் பிழை' என்றார்கள். 1994-ல் கனடாவில் ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களைக் கேட்டபோது சராசரியாக 34 நாளில் முடிப்போம் என்றார்கள். ஆனது 55 நாளுக்கும் மேல். எல்லாமே தப்பாகப் போனால் எவ்வளவு ஆகும் என்ற கேள்விக்கு அவர்கள் சொன்ன கணக்கும் அதற்குக் குறைவாகவே இருந்தது. எட்டு மணி நேர நாளுக்குப் பதினைந்து வேலை எழுதுபவரின் பட்டியல் மாலையில் பாதி அடிபடாமல் கிடப்பதற்கு இதுவே முதல் காரணம். எளிதானதை முதலில் அடித்துத் திருப்திப்படுவதும், ஏற்கெனவே முடித்ததைச் சேர்த்து எழுதி உடனே அடிப்பதும் பட்டியல்காரர்களிடம் பரவலாகக் காணப்படும் பழக்கங்கள்.

எல்லோரும் இதைக் கடுமையாக எடுத்துக்கொள்வதில்லை. அமெரிக்கப் பாடகர் ஜானி கேஷ் கையால் எழுதிய ஒரு நாள் பட்டியல் 2010-ல் 6,250 டாலருக்கு ஏலம் போனது. இன்று செய்ய வேண்டியவை என்று தலைப்பு அச்சிட்ட தாள் அது. புகைபிடிக்காமல் இருப்பது, மனைவி ஜூனை முத்தமிடுவது, அம்மாவைப் போய்ப் பார்ப்பது, பியானோ பழகுவது, கவலைப்படுவது எல்லாம் அதில் உண்டு. குறிப்புகளுக்கென்று தாளின் அடியில் விட்டிருந்த இடத்தில், குறிப்பு எதுவும் எழுதக் கூடாது என்று எழுதியிருந்தார்.